தணலிற் சுட்ட கிரேக்க இறைச்சி

பிறநாட்டு உணவொன்று நம் அடுக்களைக்குள் விருந்தாளியாக நுழையும்போது, அதனை வாயிலிலேயே மறித்து மிளகாய்த்தூளால் நீராட்டிவிடுவது நம்மவர் பலரது வழக்கம். சீனரின் நூடில்ஸுக்கும் இத்தாலியரின் பாஸ்தாவுக்கும் நம் வீடுகளில் நேர்ந்த கதியை அறியாதார் யார்? கிரேக்கர் ‘சுவ்லாக்கி’ என வழங்கும் பன்றிச் சூட்டிறைச்சிக்கும் அக்கதி நேரலாகாது என்ற ஆவலினாலேயே இவ்வாரப் பகுதியை அதற்கென ஒதுக்குகின்றேன். இறைச்சி, உப்பு, ஒலிவ் எண்ணெய், உள்ளி, உலர்ந்த இலையொன்று, தேசிப்புளி, தணல் ஆகியவற்றுடன் அதன் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது. இத்துணைச் சில பொருள்களாற் செய்யப்படும் உணவிலே பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. குழம்பில் இறைச்சி சற்று முற்றிப்போயின் சரக்குத்தூள் அதனை மூடிக்கொள்ளும். சுவ்லாக்கியிலோ பிழை முதற் கடியிலேயே வெளிப்பட்டுவிடும்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். இறைச்சி கோத்துச் சுடும் கம்பியைக் கிரேக்கர் ‘சுவ்லா’ என்பர். அது செருப்புத் தைப்போரின் குத்தூசியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சுவ்லாக்கி என்பது சிறு கம்பி என்ற பொருளுடையது. ஆயினும் இச்சொல்லின் பயன்பாட்டிற் கிரேக்கருக்குள்ளேயே ஓயாத வழக்கொன்று உண்டு. ஏதென்ஸ் நகரத்தார் சுவ்லாக்கி என்று சொன்னால், ரொட்டியிற் சுற்றித் தக்காளி, வெங்காயம், தயிர்ச் சம்பல் முதலியன சேர்த்த முழு உணவையே பெரும்பாலும் கருதுவர். குச்சியிற் கோத்த இறைச்சி மட்டும் வேண்டுமாயின் ‘கலமாக்கி’ என்று கேட்டல் வேண்டும். அச்சொல்லுக்குச் சிறு நாணல் என்பது பொருள். வடக்கே தெசலோனிக்கி நகரிற் குச்சி இறைச்சிக்கே சுவ்லாக்கி என்று பெயர். அங்கு கலமாக்கி என்றால் குளிர்பானம் உறிஞ்சும் குழாய். தலைநகரிலிருந்து சென்றவர்கள் இதனால் நகைப்புக்கு உள்ளாவது அந்நாட்டார் சலிக்காது சொல்லி மகிழும் கதை.

இக்கம்பிக்குத் தமிழில் நல்லதொரு பழஞ்சொல் இருக்கின்றது. பொருநராற்றுப்படையிலே கரிகாற் சோழன் பொருநனுக்கு அளித்த விருந்தில், இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியும் இடம்பெறுகின்றது. சூடு பொறாமல் அவன் அதனை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்கின்றான். அக்கம்பியை முடத்தாமக்கண்ணியார் ‘காழ்’ என்பார். அச்சொல்லையே இக்கட்டுரையில் நானும் ஆளுகின்றேன்.

பண்டைக் கிரேக்கத்திற் காழ் பணமாகவும் இருந்தது. ‘ஒபெலோஸ்’ என்பது அவர்களுடைய பழைய சொல். ‘ஒபொல்’ என்ற சிறு நாணயத்தின் பெயர் அதிலிருந்தே பிறந்தது. ஆறு ஒபொல் கொண்டது ஒரு திராக்மா. திராக்மா என்றால் ஒரு கைப்பிடி அளவு, அதாவது ஆறு காழ்களை ஒருசேரப் பற்றும் பிடி என்று விளக்கம் கூறுவர். ஆர்கோஸ் நகருக்கு அருகே ஹீரா தேவியின் கோயிலிற் காணிக்கையாகக் கிடந்த இரும்புக் காழ்க் கட்டொன்று இன்று ஏதென்ஸ் நாணயக் காட்சிச்சாலையில் உள்ளது. 2002ஆம் ஆண்டில் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்து திராக்மாவை அகற்றும்வரை, கிரேக்கர் தம் சட்டைப்பையில் அந்தச் சமையற் கம்பியின் நினைவைச் சுமந்தே திரிந்தனர் எனலாம். எகிப்தின் நெடிய கற்றூண்களைக் கண்டபோது அவர்கள் சூட்டிய பெயரும் ‘சிறு காழ்’ என்பதே. ஒபெலிஸ்க் என்று இன்று உலகம் சொல்வது அதுதான்.

இனிச் சமையலுக்கு வருவோம். இதற்கு என் ஆசிரியர் ஹோமர். இலியட் காவியத்தின் ஒன்பதாம் காண்டத்தில், சினங்கொண்டு போரிலிருந்து விலகியிருக்கும் அக்கிலிஸைச் சமாதானப்படுத்த ஒடிசியஸ், அயாக்ஸ், பீனிக்ஸ் ஆகிய மூவரும் தூது வருகின்றனர். அவர்கள் கொணர்ந்த செய்தியை அவன் ஏற்கப்போவதில்லை. ஆயினும் வந்தவர்களை வெறுவயிற்றோடு பேசவிட அவன் விரும்பவில்லை. தோழன் பற்றோகிளஸ் வெட்டுக்கட்டையைக் கொணர்ந்து, செம்மறியின் முதுகுப் பகுதியையும் கொழுத்த வெள்ளாட்டின் முதுகுப் பகுதியையும் கொழுப்பு மிகுந்த பன்றியின் முதுகுப் பகுதியையும் அதன்மேல் வைக்கின்றான். பெருவீரனாகிய அக்கிலிஸ் ஏவலாளரை அழையாது தன் கையாலேயே இறைச்சியை அரிந்து காழிற் கோக்கின்றான். பற்றோகிளஸ் தீ மூட்டுகின்றான்.

இதன்பின் வரும் சில அடிகளையே சமைப்போர் ஊன்றி நோக்குதல் வேண்டும். தீ எரிந்து, சுவாலை அடங்கியபின்னர்தான் அவன் தணலைப் பரப்புகின்றான். அதன்மேற் காழ்களைத் தாங்கிகளில் ஏற்றி உப்புத் தூவுகின்றான். சுவாலையிற் சுடவில்லை, தணலிற் சுட்டான் என்பதைக் கவி மறவாது சொல்லியிருக்கின்றார். இந்நுட்பம் ஹோமரினும் பன்னூற்றாண்டு பழையது. சந்தோரினித் தீவிலே, கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய அக்ரோத்திரி நகரை 1967 முதல் அகழ்ந்து வருகின்றனர். அங்கே காழ்களைப் படுக்க வைப்பதற்கென வெட்டுகள் அமைந்த மட்பாண்டத் தாங்கிகள் கிடைத்துள்ளன. தணலுக்குக் காற்றுச் செல்லும்பொருட்டு அவற்றின் அடியில் வரிசையாகத் துளைகளும் இட்டிருக்கின்றனர்.

மாணவர்கள் இக்காவியத்தின் இறுதிக் காண்டத்தையும் இதனோடு சேர்த்துப் படித்தல் நன்று. தன் மகன் ஹெக்டரைக் கொன்றவனுடைய கூடாரத்துக்கே முதிய பிரியாம் மன்னன் உடலைக் கேட்டு இரவில் வருகின்றான். இருவரும் அழுகின்றனர். பின்னர் அக்கிலிஸ் எழுந்து தன் கையாலேயே வெள்ளைச் செம்மறியொன்றை அறுக்க, தோழர்கள் அதனை அரிந்து காழிற் கோத்துச் சுடுகின்றனர். மகன் இறந்த நாள்முதல் உணவைத் தொடாதிருந்த அம்முதியவன் அன்றுதான் உண்கின்றான். அக்காவியத்தில் இதனினும் உருக்கமான இடத்தை நான் கண்டதில்லை. ஒடிசியிலும் இத்தகைய விருந்தொன்று உண்டு. பிச்சைக்காரன் வேடத்தில் வந்தவன் தன் தலைவனே என்று அறியாத பன்றி மேய்ப்பன் யூமேயஸ், இளம் பன்றிகள் இரண்டைக் கொன்று சுட்டு, காழோடு சுடச்சுட அவன்முன் வைத்து, பார்லி மாவைத் தூவிக் கொடுக்கின்றான். கொழுத்த பன்றிகளையெல்லாம் அரண்மனையிற் குடிகொண்ட வீணர்கள் தின்று தீர்க்கின்றனர், எம்போன்ற ஏவலாளருக்குக் குட்டிகளே மிச்சம் என்று அவன் வருந்தவும் செய்கின்றான்.

பன்றி இறைச்சி கிரேக்கத்தில் எளியோர் உணவாகவே நெடுங்காலம் இருந்தது. கிராமத்துக் குடும்பம் ஆண்டுக்கொரு பன்றி வளர்த்து, நத்தார் காலத்தில் அறுத்துக் கொழுப்பையும் இறைச்சியையும் மாரிக்கெனச் சேமிக்கும். பக்தியுள்ள கிரேக்கத் திருச்சபையினர் புதனும் வெள்ளியும் மாமிசம் நீக்குவர். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நீண்ட நோன்பிற் பாலும் முட்டையுங்கூட அவர்களுக்கு விலக்கு. வெள்ளிக்கிழமையிற் கறிச்சட்டியைத் தனியே ஒதுக்கிவைக்கும் நம்மவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. அந்நோன்பு தொடங்குதற்குப் பதினொரு நாள் முன்னர் வருவது ‘சிக்னோபெம்ப்தி’. கொழுப்பு எரியும் வாசனையின் பெயரைத் தாங்கிய வியாழக்கிழமை அது. அன்று தெருவெங்கும் அடுப்புக்கள் புகையும். நோன்பு வருமுன் ஆசைதீர உண்ணும் நாளல்லவா?

பன்றியை உண்ணாத குடும்பங்கள் இதே முறையிற் கோழியின் தொடை இறைச்சியைச் சுடலாம். கிரேக்கரும் அவ்வாறு செய்கின்றனர். சைவ உணவினருக்குக் காளானும் கறிமிளகாயும் வெங்காயமும் இதே எண்ணெயில் ஊறித் தணலேறினால் நன்றாகவே இருக்கும். ஆயினும் அதற்குச் சுவ்லாக்கி என்று பெயர் சூட்டி அவர்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

இறைச்சிக் கடையிற் கேட்கவேண்டியது கழுத்துப் பகுதி அல்லது தோட்பகுதி. கொழுப்பு ஆங்காங்கே இழையோடியிருத்தல் வேண்டும். சுத்தமான சதை நல்லது என்றெண்ணிப் பின்னந்தொடையை வாங்குவோர் பலர். அது தணலில் ஈரமிழந்து நார்நாராகும். தோட்பகுதியிலுள்ள கொழுப்போ உருகித் துண்டத்தைத் தானே நனைத்துக்கொள்ளும். 1 கிலோ இறைச்சியை 3 சென்ரிமீற்றர் சதுரத் துண்டங்களாக அரிக. துண்டங்கள் ஒரே அளவினவாக இருத்தல் முக்கியம். இல்லையேற் சிறியது கருகும், பெரியது உள்ளே வேகாது நிற்கும்.

இத்துண்டங்களுக்கு 4 மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், நசுக்கிய உள்ளிப் பல் 3, உலர்ந்த ஒறிகானோ இலை 2 தேக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு 1 தேக்கரண்டி சேர்த்துக் கையாற் பிசைந்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க. இரண்டு மணி நேரம் போதும், ஓர் இரவு வைத்தல் இன்னும் சிறப்பு. ஒலிவ் எண்ணெயின் விலை கண்டு மலைப்போர் சூரியகாந்தி எண்ணெயைக் கலந்துகொள்ளலாம். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் மட்டும் வேண்டாம், அவற்றின் மணம் வேறு ஊரைச் சொல்லிவிடும். சிலர் தேசிப்புளியையும் இப்போதே சேர்ப்பர். அதனை நான் ஒப்புக்கொள்ளேன். புளிப்பில் நெடுநேரம் ஊறிய இறைச்சியின் மேற்புறம் மாப்போலக் குழைந்துவிடும். அதிலும் நமது தேசிக்காய் கிரேக்கரின் பெரிய மஞ்சட் கனியைவிடக் காரமான புளிப்புடையது. புளி கடைசியிற் சேரட்டும். உப்பு 2 தேக்கரண்டியைச் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் சேர்க்க.

ஒறிகானோவைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்க மலைச்சாரல்களில் வளரும் இவ்விலை இன்று நம் நாட்டுப் பெருங்கடைகளில் உலர்த்திப் போத்தலில் அடைத்து விற்கப்படுகின்றது. இவ்விலைதான் இறைச்சிக்குக் கிரேக்க மணத்தைக் கொடுப்பது. கிடையாதபோது நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளியை நாடலாம். இரண்டும் வேறுவேறு செடிகளாயினும், கார்வக்ரோல் என்ற மணப்பொருள் இரண்டிலும் உண்டு. ஓமத்திலுள்ள தைமோலும் அதற்கு நெருங்கிய உறவு. கற்பூரவள்ளி இலை சாறு மிகுந்ததாகையால், அரிந்து நிழலில் நன்கு உலர்த்தியே இடவேண்டும். ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலையோடு ஒரு சிட்டிகை ஓமம் நுணுக்கிச் சேர்த்தாற் போதும். ஒறிகானோவின் சுவை அப்படியே வந்துவிடும் என்று சொல்லேன், அண்மையில் வரும்.

மூங்கிற் குச்சிகளை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டுத் துண்டங்களைக் கோக்க. ஒன்றையொன்று மெல்லத் தொட்டுநின்றாற் போதும், நெருக்கித் திணித்தல் ஆகாது. நெருக்கினால் அவ்விடம் வேகாமல் வெளிறிப்போகும். இடையிடையே தக்காளியும் குடைமிளகாயும் கோத்து அழகுபடுத்துவோர் உளர். தக்காளியும் இறைச்சியும் ஒரே நேரத்திற் பதமாவதில்லை. கலமாக்கியில் இறைச்சி மட்டுமே நிற்கும்.

அடுப்புக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. முற்றத்திற் செங்கற்களை இரண்டு வரிசையாக, 20 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு அடுக்குக. இடையே சிரட்டைக்கரியை மூட்டுக. குச்சியின் இரு முனைகளும் கற்களின்மேல் இருக்க, இறைச்சி மட்டும் தணலின்மேல் நிற்கும். குச்சியும் கருகாது. அக்ரோத்திரியின் தாங்கிக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டுவோர் இறைச்சியிலும் மண்ணெண்ணெயையே உண்பர். தென்னம்பாளையும் சிறு விறகும் போதும். பின்னர் பொறுத்திருக்க வேண்டும். கரியின் மேற்புறம் முழுவதும் சாம்பல் பூத்து, உள்ளே சிவந்து நிற்குமளவும், ஏறக்குறைய அரைமணி நேரம், இறைச்சியைத் தீயருகே கொண்டுசெல்லாதீர்கள். பசியோடு சூழ்ந்துநிற்கும் பிள்ளைகளைத் தடுத்துவைப்பதே இவ்வேளையிற் பெரும் பணி! இறைச்சி இருக்கப்போகும் உயரத்திற் கையை நீட்டிப் பாருங்கள். மூன்று நான்கு விநாடிகளில் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் தணல் பதம். இரண்டு விநாடியும் தாங்க முடியாவிடின் இன்னும் பொறுக்க.

காழ்களை ஏற்றியபின் ஒன்றிரண்டு நிமிடத்துக்கொருமுறை திருப்புக. கொழுப்புச் சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்க ஓடாதீர்கள், சாம்பல் கிளம்பி இறைச்சியில் ஒட்டும். அக்காழை அப்பால் நகர்த்தினால் தீ தானே அடங்கும். பத்து முதற் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரங்கள் பழுப்பேறி அங்கங்கே கருமை படரும்.

பன்றி இறைச்சி வெந்ததா என்ற ஐயம் நியாயமானது. திரிக்கினெல்லா என்னும் புழுவும் நாடாப்புழுவும் வேகாத பன்றி இறைச்சியாற் பரவுவன. ஆனால் அவ்வச்சத்தினால் இறைச்சியை விறகாக்க வேண்டியதில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2011ஆம் ஆண்டில், முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கு உட்புற வெப்பம் 63 பாகை செல்சியசும் பின்னர் 3 நிமிட ஓய்வும் போதுமென அறிவித்தது. முன்னர் அவர்கள் கூறிவந்த அளவு 71 பாகை. சிறு துண்டத்தின் நடுவில் வெப்பமானியைச் சரியாகச் செலுத்துவது எளிதன்று. ஆகவே நம் வீடுகளில் அந்தப் பழைய அளவையே கொள்வது நன்று. கொழுப்புள்ள தோட்பகுதி அதனைத் தாங்கும். வெப்பமானி இல்லாதோர் மிகப் பெரிய துண்டத்தை நறுக்கிப் பார்க்க. உள்ளே செந்நிறம் நீங்கி, வடியும் சாறு தெளிந்திருத்தல் வேண்டும்.

மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் கனத்த இரும்புத் தாச்சியை நன்றாகச் சூடேற்றி அதிற் சுடலாம். புகைமணம் இராது, ஏனைய நலன்களெல்லாம் இருக்கும். கரியடுப்பை மட்டும் அறைக்குள்ளே கொண்டுசெல்லவே கூடாது. எரிகரியிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. உறங்குவோர் எழாமலே போனதுண்டு.

இறக்கியபின் மூன்று நிமிடம் விட்டு, தேசிப்புளியைப் பிழிந்து, சிறிது உப்பும் ஒறிகானோவும் தூவுக. தொட்டுக்கொள்ளச் ‘சட்சிக்கி’ வேண்டும். நமது எருமைத் தயிர் அதற்கென்றே அமைந்தது போன்றது. அரை லீற்றர் தயிரைத் துணியிற் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடிக்க. ஒரு கெக்கரிக்காயைச் சீவி, உப்பிட்டு, நீர் முழுவதையும் இறுகப் பிழிக. இப்பிழிதலிற் சோம்பினால் சம்பல் மோராகிவிடும். இரண்டையும் நசுக்கிய உள்ளி, இரண்டு கரண்டி ஒலிவ் எண்ணெய், சிறிது வினாகிரி, அரிந்த புதினா ஆகியவற்றோடு கலக்க.

ரொட்டி சுட விரும்புவோர் அரைக் கிலோ கோதுமை மாவை 7 கிராம் உலர்ந்த ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், 300 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர் சேர்த்துப் பிசைந்து, ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, எட்டு உருண்டையாக்கிச் சற்றுத் தடிப்பாகத் தட்டித் தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டு, துணியாற் போர்த்தி வைக்க. அராபியர் ரொட்டிபோல இதற்கு உட்பை கிடையாது. அவ்வளவு சிரமம் வேண்டாதோர் பாணைத் தடித்த துண்டுகளாக வெட்டி எண்ணெய் தடவித் தணலில் வாட்டிக்கொள்ளலாம். கிரேக்கத்தின் பல ஊர்களிற் குச்சி இறைச்சியோடு இன்றும் கொடுப்பது ஒரு துண்டு பாணும் ஒரு கீற்றுத் தேசிக்காயுமே.

ஒரு கிலோ இறைச்சியில் ஏறக்குறையப் பத்துக் காழ் வரும். நால்வருக்குப் போதும். சூடு ஆறிய சுவ்லாக்கியை மீண்டும் தணலேற்றினால் இறுகிவிடும். மிஞ்சுமாயிற் குச்சியிலிருந்து உருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மெல்லியதாக அரிந்து, வெங்காயமும் எஞ்சிய தயிர்ச் சம்பலும் சேர்த்துப் பாணுக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.